வட்டா, கோப்பா, சந்தாவா?

அனிமேஷன் தொடர்களைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: டிவிடி, ப்ளூரே என்று வட்டாக வாங்குவதா, டவுன்லோடு செய்து வைப்பதா, மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கிலேயே பார்த்துக்கொள்வதா? பதில் தேடும் முன் இன்னொன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் தொடரின் எந்தப் பதிப்பு? ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் உலவுவது அனிமேஷனில் வெகு சாதாரணம். டப்பிங் மாறியிருக்கும், சப்டைட்டில் மாறியிருக்கும், ஒரு பாட்டு காணாமல் போயிருக்கும், படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டிருக்கும். அட்டையிலும் செயலியிலும் பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' இதற்கு நல்ல உதாரணம். 1995 அக்டோபரில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 26 அத்தியாயத் தொடர் இது. ஆங்கிலம் வழியாக இதைக் கண்டுகொண்ட தலைமுறை, அமெரிக்காவின் ஏடிவி ஃபிலிம்ஸ் தந்த டப்பிங்கில்தான் பார்த்தது. அத்தியாயங்களின் முடிவில் 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டு வெவ்வேறு குரல்களில், வெவ்வேறு இசைக்கோப்பில் வரும். ஏடிவி 2009-இல் மூடப்பட்டது. அதன் டிவிடிகளும் கடைகளிலிருந்து மறைந்தன. 2019 ஜூனில் தொடர் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தபோது டப்பிங் புதிது, மொழிபெயர்ப்பும் புதிது. ஜப்பானுக்கு வெளியே பார்த்தவர்களுக்கு அந்த முடிவுப் பாட்டும் இல்லை. 2021-இல் அமெரிக்காவில் ஜிகிட்ஸ் நிறுவனம் ப்ளூரேயாக வெளியிட்டது. படத்தின் தெளிவு பழைய டிவிடியைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பாட்டு திரும்பவில்லை. பழைய டப்பிங்கும் சாதாரணப் பதிப்பில் கிடையாது, விலை கூடிய பெட்டிப் பதிப்பில்தான் உண்டு. தெளிவான படம், பழைய குரல்கள், அந்தப் பாட்டு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த அமெரிக்கப் பதிப்பு எதுவுமில்லை. பாட்டுதான் முக்கியம் என்பவர் 2004-ஐ ஒட்டி வந்த 'பிளாட்டினம்' டிவிடியைப் பழைய சரக்கில் தேட வேண்டும்.

ஆகவே, வாங்க நினைக்கும் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில், யாருடைய டப்பிங்கில் வேண்டும். முதலில் ஒளிபரப்பானபோது படம் 4:3 சதுரவாக்கில் இருந்ததா, 16:9 அகலத்தில் இருந்ததா. பாட்டோ காட்சியோ பின்னால் நீக்கப்பட்டதா. இவ்வளவு தெரிந்துவிட்டால், வட்டு வாங்குவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

சந்தாவில் கிடைப்பது

புதிதாக ஒரு தொடரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஸ்ட்ரீமிங்குக்கு இணையான வழி இல்லை. பார்க்காத தொடரைப் பெட்டியாக வாங்காதீர்கள் என்பது என் உறுதியான அறிவுரை. 'ஒன் பீஸ்' போல 1,100 அத்தியாயங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் தொடரை வட்டாகச் சேர்ப்பது பணத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்படியாகாது. அதற்குச் சந்தாவே சரி.

ஆனால் சந்தா கட்டுகிறவர் சேகரிப்பாளர் ஆவதில்லை. எது இருக்கும், எது போகும் என்பதை முடிவுசெய்வது வேறொருவர். 'இன்ஃபினிட்டி ட்ரெயின்' நான்கு பாகம் கொண்ட அருமையான அமெரிக்கத் தொடர். வார்னர் நிறுவனமும் டிஸ்கவரியும் இணைந்த சில மாதங்களில், 2022 ஆகஸ்டில், எச்பிஓ மேக்ஸிலிருந்து வேறு பல தொடர்களோடு அதுவும் நீக்கப்பட்டது. முதல் இரண்டு பாகங்களுக்கு டிவிடி உண்டு. ஸ்ட்ரீமிங்குக்கென்றே வெளிவந்த மூன்றாம், நான்காம் பாகங்களுக்கு வட்டே வரவில்லை. பழைய படைப்புகளும் தப்பவில்லை. லூனி டியூன்ஸ் குறும்படங்களில் ஏறக்குறைய பாதி 2022 கடைசியில் அதே சேவையிலிருந்து போயின. மீதி 2025 மார்ச்சில் போயின. உலக அனிமேஷனின் அடித்தளம் என்று சொல்லத்தக்க படைப்புகள் அவை. அவற்றை எடுத்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

நீக்காமலே மாற்றுவதும் நடக்கிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் 4:3 அத்தியாயங்கள் அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டே காட்டப்பட்டன. டஃப் பீர் தொழிற்சாலையில் மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் நிரம்புகின்றன என்பது ஒரு காட்சியின் நகைச்சுவை. அந்தக் குழாய் சட்டகத்தின் மேல்பகுதியில் இருந்ததால் வெட்டில் போய்விட்டது. ரசிகர்கள் விடாமல் முறையிட்ட பிறகு, 2020 மே மாதம் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த 1991-ஆம் ஆண்டு அத்தியாயம் 2019 மார்ச்சிலேயே புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது; டிஸ்னி பிளஸ்ஸில் அது இல்லை. மூன்றாம் பருவத்தின் டிவிடி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை இனி யார் பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்பது தனியான, கனமான விவாதம். இங்கே நான் சொல்ல வருவது, அந்த முடிவு வட்டு வைத்திருப்பவரின் கையில் இருக்கிறது என்பதை மட்டும்.

'வாங்கிய' டிஜிட்டல்

செயலிக்குள் இருக்கும் டவுன்லோடு பொத்தானை நம்பிச் சேகரிப்பு தொடங்காதீர்கள். அது ரயிலிலும் விமானத்திலும் பார்ப்பதற்கான தற்காலிக வசதி. கோப்பு பூட்டப்பட்டிருக்கும், அந்தச் செயலியில் மட்டுமே ஓடும், குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும். சில தலைப்புகள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் தாமாகவே மறைந்துவிடும். சந்தா நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

விலை கொடுத்து டிஜிட்டலாக வாங்குவது இதைவிடப் பத்திரம்போலத் தோன்றும். அங்கேயும் நாம் பெறுவது பார்க்கும் உரிமம்தான், பொருள் அல்ல. ஃபனிமேஷன் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் ப்ளூரே பெட்டிகளுக்குள் ஒரு குறியீட்டுச் சீட்டை வைத்து விற்றது. அதை இணையத்தில் பதிந்தால் அந்தத் தொடரின் டிஜிட்டல் பிரதி உங்கள் கணக்கில் சேரும். ஃபனிமேஷனின் உரிமையாளரான சோனி 2021-இல் க்ரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் சேவையையும் வாங்கிய பிறகு இரண்டு சேவைகளும் ஒன்றாயின. 2024 ஏப்ரல் 2 அன்று ஃபனிமேஷன் செயலி மூடப்பட்டது. கணக்குகள் புதிய இடத்துக்கு மாறின, டிஜிட்டல் பிரதிகள் மாறவில்லை. சீட்டோடு வந்த வட்டை விற்காமல் வைத்திருந்தவருக்கு இழப்பு இல்லை. இடம் அடைக்கிறதே என்று வட்டை விற்றுவிட்டு டிஜிட்டல் பிரதியை நம்பியிருந்தவருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை 'வாங்குங்கள்' என்ற சொல்லோடு விற்கும் டிஜிட்டல் கடைகள், அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கடைகளைப் பயன்படுத்தும்போதும் இந்தப் புரிதலோடே பணம் கொடுங்கள். வட்டே வராத தொடருக்கு டிஜிட்டல் விலை கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். படைத்தவர்களின் வேலைக்கு ஒரு வாங்குபவர் இருக்கிறார் என்று காட்ட அதுதான் வழியென்றால் கொடுக்கத்தான் வேண்டும். அதைச் சேகரிப்புக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

வட்டு என்றாலே சரியான பதிப்பு ஆகிவிடாது

வட்டுக் காதலர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். 'டிராகன் பால் இசட்' 291 அத்தியாயங்களும் ஃபிலிமில், 4:3 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. 2007 முதல் அமெரிக்காவில் ஆரஞ்சு நிற அட்டையில் ஒன்பது பெட்டிகளாக வந்த டிவிடிகளில் படத்தை அகலத்துக்காக வெட்டினார்கள்; ஃபிலிமின் இயல்பான மணிமணியான தன்மையைக் கணினியால் வழித்தெடுத்தார்கள். 4:3 படத்தை முழு அகலத்துக்கு வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். சண்டைக்காட்சியில் தலைமுடியும் காலும் சட்டகத்துக்கு வெளியே போவது அதனால்தான். விலை மலிவு என்பதால் இன்றும் கையில் அதிகம் கிடைப்பது இந்த ஆரஞ்சுப் பெட்டிகள்தான். 2009 முதல் 2011 வரை வந்த 'டிராகன் பாக்ஸ்' டிவிடிகள் வெட்டாத 4:3 பதிப்பு. அச்சில் இல்லாததால் அவற்றின் விலை ஏறிக்கிடக்கிறது. பின்னால் வந்த ப்ளூரே பருவப் பெட்டிகளும் வெட்டுப்பட்டவையே. புதிது, ப்ளூரே என்ற இரண்டு காரணத்துக்காக மட்டும் அதை எடுத்துவிடாதீர்கள்.

எம்டிவியில் 1997 முதல் 2002 வரை ஓடிய 'டாரியா' இன்னொரு வகை. ஒளிபரப்பில் அந்தக் காலத்துப் பாப், ராக் பாடல்கள் காட்சிக்குக் காட்சி ஒலித்தன. 2010-இல் டிவிடி வந்தபோது அந்தப் பாடல்களுக்கு உரிமத் தொகை கொடுத்துக் கட்டுப்படியாகாததால், ஏறக்குறைய எல்லாப் பாடல்களையும் மாற்றிவிட்டார்கள். ஒளிபரப்பில் கேட்டபடி பாட்டோடு பார்க்க வேண்டும் என்பவருக்குக் கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியும் உதவாது.

படத்தின் தெளிவைப் பற்றி. ஸ்ட்ரீமிங்கில் 1080 தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. ஸ்ட்ரீமிங்கின் சுருக்கும் முறைகள் புதியவை, திறமையானவை என்பதால் வட்டு எட்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் அனிமேஷனில் வித்தியாசம் தெரியும் இடங்கள் குறிப்பானவை. அந்தி வானம் கருநீலத்திலிருந்து செம்மைக்கு மெல்ல மாறும் இடம் சுருக்கப்பட்ட படத்தில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். மழை, தூவும் பூவிதழ், வெடிச்சிதறல் வரும் காட்சிகளில் கோடுகள் கலங்கும். உங்கள் தொடரில் இவை அதிகம் என்றால் வட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

எந்தத் தொடருக்கு ப்ளூரே, எதற்கு டிவிடி போதும் என்பது அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. செல் தாளில் வரைந்து ஃபிலிமில் படம்பிடித்த தொடர்களுக்கு, மூல ஃபிலிம் பத்திரமாக இருந்தால், அதை மறுபடி ஸ்கேன் செய்து டிவிடியில் காணாத நுணுக்கத்தை எடுக்கலாம். 1992-இல் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' 2018-இல் ப்ளூரேயாக வந்தபோது அதன் இருண்ட பின்னணி ஓவியங்கள் புதிதாகத் தெரிந்தன. ஃபிலிமை விட்டுக் கணினிக்கு மாறிய தொடக்க ஆண்டுகளில், பழைய டிவி அளவிலேயே தயாரித்து முடித்த தொடர்களின் கதை வேறு. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005 முதல் 2008 வரை அப்படி வந்தது. அதன் ப்ளூரே, சிறிய படத்தைப் பெரிதாக்கியதுதான். டிவிடியில் கோடுகள் நடுங்கும் குறை இதில் குறைவு, ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கும், எனவே வாங்கலாம். மூலத்தில் இல்லாத நுணுக்கம் மட்டும் வராது. டிஸ்கோடெக் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் இதை நேர்மையாகக் கையாள்கிறது. பழைய டிவி தரத்தில் மட்டுமே கிடைக்கும் அனிமேயைப் பெரிதாக்கிக் காட்டாமல், அதே தரத்தில், பல டிவிடிகளுக்கான அத்தியாயங்களை ஒன்றிரண்டு ப்ளூரே வட்டுகளில் அடக்கி, அப்படியென்று அட்டையிலும் அறிவித்து விற்கிறது.

மண்டலப் பூட்டு

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம். அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ப்ளூரேயில் இந்தியா சி மண்டலம். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. 4கே ப்ளூரேக்கு மண்டலமே கிடையாது. பெரிய ஸ்டுடியோக்களின் சாதாரண ப்ளூரேகளிலும் பல பூட்டில்லாதவை, ஆனால் அனிமே வெளியீடுகளில் ஏ பூட்டு அடிக்கடி வரும். இங்கே வாங்கிய பிளேஸ்டேஷன் அதை ஓட்டாது. அந்தப் பெட்டிகள் விளையாட்டு வட்டை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏற்கும், படத்தின் வட்டில் மண்டலம் பார்க்கும். கணினியில் டிவிடி டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். எனவே சேகரிப்பில் இறங்குவது உறுதியென்றால், முதல் வட்டுக்கு முன்பே எல்லா மண்டலமும் ஓட்டும் ஒரு ப்ளேயருக்குப் பணம் ஒதுக்குங்கள். எல்ஜி 2024 கடைசியில் ப்ளூரே ப்ளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நல்ல ப்ளேயர்கள் கடையில் இருக்கும்போதே எடுத்துவைப்பது நல்லது.

ஜப்பானிய வட்டுகளின் அட்டையும் உடன்வரும் ஓவியப் புத்தகமும் உலகிலேயே அழகானவை. ஆனால் ஒரு வட்டில் இரண்டு மூன்று அத்தியாயங்களே இருக்கும். விலையோ 6,000 யென்னுக்கு மேல்தான். பெரும்பாலானவற்றில் ஆங்கில சப்டைட்டில் இராது. ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் மிகப் பிடித்த ஒரே ஒரு தொடருக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

கைமாறி வரும் வட்டுகள்

அச்சில் இல்லாதவை பழைய சரக்காகத்தான் கிடைக்கும். அங்கே போலிகளும் வரும். உண்மையான டிவிடியில் சாதாரணமாக நான்கிலிருந்து ஏழு அத்தியாயங்கள் இருக்கும்; இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவே 8.5 ஜிபிதான். 50 அத்தியாயத் தொடர் மூன்றே டிவிடியில் வந்தால், பின்னட்டையில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டால், எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அதைக் கீழே வையுங்கள். சப்டைட்டிலில் பாத்திரங்களின் பெயர்கள்கூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். உழைத்த ஓவியர்களுக்கு அதிலிருந்து ஒரு காசும் போகாது.

வாங்கியதும் வட்டை விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல ஒளி வந்தாலோ, விளிம்பிலிருந்து மேகம் படர்ந்ததுபோல இருந்தாலோ உள்ளடுக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. பலரும் முதல் அத்தியாயத்தையும் கடைசியையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் தகவல் நடுவிலிருந்து விளிம்புவரை போய், அடுத்த அடுக்கில் விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பும். அதனால் விளிம்பில் கெட்டால் பாதிக்கப்படுவது இடையிலுள்ள அத்தியாயங்கள். அவற்றைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில இப்படிக் கெடுவதை வார்னர் நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டு, முடிந்தவற்றுக்கு மாற்று வட்டு தருவதாக அறிவித்தது. லூனி டியூன்ஸ் 'கோல்டன் கலெக்‌ஷன்' ஆறு தொகுதிகளில் கடைசி மூன்றும் அந்த ஆண்டுகளில்தான் வந்தன. எச்பிஓ மேக்ஸிலிருந்து போன படங்கள் இருக்கும் வட்டுகள் இவை. உங்களிடம் இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

நம் வெக்கையில் காப்பது

அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, வட்டுகளை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே, 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ இது வீட்டில் நடக்கும் காரியமில்லை. நம்மால் ஆனது, வெப்பமும் ஈரமும் திடீரென ஏறி இறங்காமல் பார்ப்பது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் ஓதம் காக்கும். கதவுள்ள இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, புத்தகம் அடுக்குவதுபோல நிற்க வைத்து அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலங்களை அடிக்கடி மாற்றுங்கள். காகித அட்டையும் ஓவியப் புத்தகமும்தான் வட்டுக்கு முன்பே பூஞ்சை பிடிக்கும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் குமிழை அழுத்தி எடுங்கள், விளிம்பைப் பிடித்து வளைத்து இழுக்கக் கூடாது. டிவிடி என்பது இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டியது. வளைந்தால் ஒட்டு விடும். ப்ளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சிறு கீறல் ஒட்டாது, ஆழமான கீறல் விழுந்தால் டிவிடியைப்போல மெருகேற்றிக் காப்பாற்ற முடியாது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

கோப்பாக்கி வைத்துக்கொள்ளுதல்

வட்டும் கோப்பும் எதிரெதிர் என்று நினைக்கத் தேவையில்லை. சேகரிப்பில் அனுபவம் உள்ளவர்கள் வட்டை வாங்கி, கணினியில் பிரதியெடுத்து, அன்றாடம் அந்தக் கோப்பைப் பார்த்து, வட்டை அலமாரியில் ஓய்வாக விடுகிறார்கள். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் வட்டில் உள்ளதைத் தரம் குறையாமல் அப்படியே எடுக்கும். ஹேண்ட்பிரேக் அதைச் சுருக்கும். இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 24 நிமிட அத்தியாயம் நொடிக்கு 30 மெகாபிட் சராசரியில் இருந்தால் சுமார் 5.4 ஜிபி. 26 அத்தியாயத் தொடர் 140 ஜிபி. 4 டிபி ஹார்ட் டிஸ்கில் இப்படி 28 தொடர்கள் அடங்கும். சுருக்காமல் வைக்கவே சொல்வேன். சுருக்கும் முறைகள் மாறிக்கொண்டே இருக்கும், மூலம் கையில் இருந்தால் எப்போதும் மறுபடி செய்யலாம். எல்லா ஒலித்தடங்களையும் சப்டைட்டில்களையும் சேர்த்தே எடுங்கள். இன்று வேண்டாத பழைய டப்பிங்தான் பத்தாண்டு கழித்து எங்கும் கிடைக்காததாக இருக்கும்.

ஒரு ஹார்ட் டிஸ்க் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பதே நெடுநாளைய நடைமுறை. வட்டு ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஊரில் அண்ணன் வீட்டில் வைத்த ஹார்ட் டிஸ்க் மூன்று. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளுதலை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதைவிடக் கறாரானது. பிரிட்டனில் சொந்தப் பிரதியெடுக்க 2014-இல் தந்த அனுமதியை 2015-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கத்திய சட்டத்தைப் பாருங்கள். எடுத்த பிரதியை யாருக்கும் அனுப்பாதீர்கள்; வட்டை விற்றால் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

தமிழ்க் குரல்கள்

தமிழ் டப்பிங்கைச் சேகரிக்க விரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசினார்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கும் தமிழில் ஒலித்தது. வெளிநாட்டுப் பெட்டிகளில் அந்தக் குரல்கள் கிடையாது. இப்போது க்ரஞ்சிரோலில் 'சோலோ லெவலிங்' போன்றவை தமிழில் வருகின்றன. அந்தத் தொடர்களின் அமெரிக்க, ஜப்பானிய வட்டுகளில் ஜப்பானியமும் ஆங்கிலமும்தான் இருக்கும். ஆக, தமிழ்ப் பதிப்பு வேண்டும் என்பவருக்கு இப்போதைக்குச் சந்தாவே வழி. அதில் தமிழ் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்தே பாருங்கள். அடுத்த தொடருக்குத் தமிழ் வேண்டுமா என்று முடிவுசெய்கிறவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து சென்று சேர்வது அந்தப் பார்வைக் கணக்குதான்.

பழைய ஒளிபரப்புக் காலத்தின் மிச்சம் வீடுகளில்தான் இருக்கக்கூடும். டிவி ட்யூனர் கார்டு வைத்துக் கணினியில் பதிந்தவர்கள் இருந்தார்கள். விசிஆரில் பதிந்தவர்களும் இருந்தார்கள். அப்படிப் பதிந்த கேசட்டோ, எழுதப்பட்ட டிவிடியோ உங்கள் பரணில் இருந்தால் வாங்கிய வட்டுகளுக்கு முன்பாக அதைக் கவனியுங்கள். வீட்டில் எழுதிய டிவிடியில் தகவல் சாய அடுக்கில் இருப்பதால், அது கடையில் அச்சிட்டு வரும் வட்டைவிடச் சீக்கிரம் மங்கும். பூஞ்சை பிடித்த கேசட்டை நேராக விசிஆரில் போட்டால் நாடாவோடு விசிஆரின் ஹெட்டும் கெடும், முதலில் சுத்தம்செய்யக் கொடுங்கள். பிரதியெடுக்கும்போது விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில், எந்த நேரத்தில் ஒளிபரப்பானது என்பதை அவற்றை வைத்தே கண்டுபிடிக்கலாம். கோப்பின் பெயரில் தொடர், அத்தியாயம், அலைவரிசை, தெரிந்தவரை ஆண்டு என்று தமிழிலேயே எழுதி வையுங்கள்.